யாரும் படுக்காத போர்வை

டென்சில் கட்டிலில் படுத்துத் தூங்கி ஒரு வருஷத்துக்கு மேல் ஆகிவிட்டது. படுத்தால் நெஞ்சின் மேல் யாரோ ஏறி உட்கார்ந்த மாதிரி இருக்கும். நிலக்கரிச் சுரங்கத்தில் இறங்கிய காலமெல்லாம் உள்ளே இழுத்த கரித்தூசி, இப்போது வெளியே வர மாட்டேன் என்றது. அடுப்புக்குப் பக்கத்தில் ஒரு சாய்வு நாற்காலி. அதுதான் அவனுக்குக் கட்டில், சாப்பாட்டு மேசை, வாசல் எல்லாம். உட்கார்ந்தபடியே கண்ணயர்வான். கொஞ்ச நேரத்தில் திடுக்கிட்டு விழிப்பான். அப்புறம் விடியும்வரை ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருப்பான்.

அந்த வீட்டு அடுப்பில் கரி எரிவதில்லை. அவர்கள் குடியிருந்த ஹிக்கரிப் பள்ளத்தில் ஓடைக்கரையைக் கிளறினாலே கரி கிடைக்கும். ஆனால் வீட்டுக்குள் அது வரக் கூடாது என்று டென்சில் சொல்லிவிட்டான். விறகுதான். வெட்டுகிறவள் அவன் மனைவி வெர்டா. அவளுக்கும் அறுபது தாண்டிவிட்டது. பகலெல்லாம் கோழி, விறகு, ஆப்பிள் அரிந்து வெயிலில் காயப்போடுவது என்று ஓடுவாள். ராத்திரி பெரிய கட்டிலில் ஒரு ஓரமாகப் படுப்பாள். அவன் பக்கம் பனிக்காலத்தில் பலகை மாதிரி சில்லிட்டுக் கிடக்கும்.

அந்த அறையில் ஒரு மரப்பெட்டி. அதற்குள் ஒரு ஒட்டுப்போர்வை. டென்சிலின் தாத்தாவுடைய தங்கை டெல்ஃபியா தன் கல்யாணத்துக்கென்று தைத்தது. அந்த மலைப்பக்கத்தில் பெண்ணுக்குக் கல்யாணம் நிச்சயமானால், அன்றாடம் புழங்குவதற்குக் கெட்டித் துணியில் பல போர்வைகள் தைப்பார்கள். கடைசியாக ஒன்று, கல்யாண ராத்திரிக்கு. வெள்ளைத் துணியில் சிவப்பு ரோஜாக்களையும் பச்சை இலைகளையும் வெட்டிவைத்துத் தைத்து, நடுவில் பஞ்சு பரப்பி, அடியில் துணி கொடுத்து, மூன்றையும் சேர்த்துப் பொடிப்பொடியாக ஓட்டுத்தையல் போட்டிருந்தாள் டெல்ஃபியா. கல்யாணம் நடக்கவில்லை. அமெரிக்காவின் வடக்கும் தெற்கும் அடித்துக்கொண்ட சண்டையில் மாப்பிள்ளை செத்துப்போனான் என்பார்கள். அவள் கடைசிவரை போர்வையை விரிக்கவில்லை.

புதுப் போர்வையில் முதன்முதலாகப் படுக்கிறவர் காணும் கனவு பலிக்கும். இது அந்தப் பள்ளத்தில் பால்குடிக்கிற பிள்ளைக்கும் தெரியும். அதனால் டெல்ஃபியாவுக்குப் பின்னால் வந்தவர்களும் அதை வீணாக்கத் துணியவில்லை. பெரிதாக ஏதாவது வரும்போது ஆகட்டும் என்று வைத்திருந்தார்கள். டென்சிலின் தம்பி ஆர்வில் சுரங்கத்துக்குள் மாட்டிக்கொண்ட அன்று, அவர்கள் அம்மா அதை எடுத்து மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்தாள். தூக்கம் வந்தால்தானே கனவு வரும். பிள்ளையைப் பிணமாக வெளியே தூக்கி வரும்வரை அவளுக்குக் கண் மூடவில்லை. மறுபடி மடித்துப் பெட்டிக்குள் வைத்துவிட்டாள்.

வெர்டா இதையெல்லாம் நம்பினாளா என்றால், டாக்டரை எவ்வளவு நம்பினாளோ அவ்வளவு. டென்சில் குணமாவான் என்று அவள் எதிர்பார்க்கவில்லை. எக்ஸ்ரேயை அவளும் பார்த்திருக்கிறாள். ஒருநாளாவது அவன் கட்டிலில் முதுகைச் சாய்த்து, அவள் பக்கத்தில் படுத்துத் தூங்க வேண்டும். இவ்வளவுதான் அவளுக்கு வேண்டியது. டென்சில் அந்தப் போர்வைக்கு அடியில் அப்படி ஒரு கனவு கண்டால் போதும்.

ஆனால் அதற்கு முன்னால் ஒன்று தெரிந்தாக வேண்டும். டென்சில் குடும்பத்து ஆண்களின் யோக்கியதை அவளுக்கு அத்துப்படி. குடித்துவிட்டு வந்தவன் எவனாவது இருட்டில் பெட்டியைத் திறந்து, இழுத்துப் போர்த்திக்கொண்டு படுத்திருந்தால்? அதனால்தான் லோரீனுக்குச் சொல்லியனுப்பினாள்.

லோரீன் பழைய போர்வைகளைப் பார்த்து வயதும் மதிப்பும் சொல்கிறவள். நாற்பத்தைந்து வயது இருக்கும். ஊர் ஊராக, சர்ச் மண்டபம் மண்டபமாகப் போவாள். 'இது உங்க கொள்ளுப்பாட்டி கைவேலை இல்ல, கடையில வெட்டி அட்டைப்பெட்டியில போட்டு வித்த துணிக்கட்டு' என்று முகத்துக்கு நேரே சொல்லிப் பல பெண்களை அழவைத்திருக்கிறாள். அதனாலேயே அவளைக் கூப்பிட்டாள் வெர்டா.

அவள் வந்த அன்று காலையிலிருந்தே தூறல். மேகம் மலையை விட்டு இறங்கி, கோழிக்கூண்டு வரைக்கும் வந்து நின்றது. எதிரில் இருக்கிற மரம் தெரியவில்லை. ஓடைப் பாலத்தைத் தாண்டி வந்த கார் வெளிச்சம் மட்டும் தண்ணீருக்கடியில் வருகிற மாதிரி வந்தது.

உள்ளே வந்ததும் லோரீன் மோதிரத்தைக் கழற்றிச் சட்டைப்பையில் போட்டாள். சோப்புப் போட்டு முழங்கைவரை கழுவித் துடைத்தாள். கட்டிலில் சுத்தமான வெள்ளை விரிப்பு ஒன்றை விரிக்கச் சொன்னாள்.

"துவைச்சீங்களா?" இதுதான் அவளுடைய முதல் கேள்வி.

"இல்ல. ஆனா கை அரிச்சுது. வர்றவங்க முன்னாடி அழுக்கோட எடுத்துப் போடுறதான்னு."

"நல்லவேளை. போன வாரம் ஒருத்தி நான் வர்றேன்னு பிளீச்சுல போட்டு அலசிவச்சிருந்தா. சிவப்பெல்லாம் ஓடிப்போய், கறிவெட்டுறவன் முன்துணி மாதிரி இருந்துச்சு. அவ தப்பு இல்ல. இந்த மலையில பொறந்தவங்க எல்லாருக்கும் அந்த வியாதி. விருந்தாளி வர்றாங்கன்னா எதையாவது துவைக்கணும்."

அடுத்த அறையிலிருந்து டென்சிலின் குரல் வந்தது. "என்னையும் துவைச்சுட்டா. காலையில."

"பேசாம இரு. மூச்சை மிச்சம் பண்ணு" என்றாள் வெர்டா.

இருவருமாகப் பெட்டியிலிருந்து தூக்கினார்கள். முனையைப் பிடித்துத் தூக்கக் கூடாது, குழந்தையைத் தூக்குகிற மாதிரி அடியில் கை கொடுக்க வேண்டும் என்றாள் லோரீன். விரித்தபோது காய்ந்த புகையிலை வாசனை மெல்ல எழுந்தது. பூச்சி வராமல் இருக்க இலை போட்டு வைத்திருந்தார்கள். மரம் பட்ட மடிப்பில் மட்டும் தேநீர்க்கறை மாதிரி ஒரு கோடு. மற்றபடி வெள்ளை வெள்ளையாகவே இருந்தது. இருட்டான அறை லேசாக வெளிச்சம் கண்டது.

"எவ்வளவு போகும்னு தெரியணும், இல்லையா?"

"அதெல்லாம் வேண்டாம். இதுல யாராச்சும் படுத்திருக்காங்களா? அதை மட்டும் பார்த்துச் சொல்லுங்க."

லோரீன் நிமிர்ந்து பார்த்தாள். அவளிடம் யாரும் இப்படிக் கேட்டதில்லை. ஏன் என்று கேட்காமல் பூதக்கண்ணாடியை எடுத்தாள்.

முதலில் மேல் ஓரம். தூங்குகிறவர்கள் கழுத்துவரை இழுத்துக்கொள்கிற ஓரம் அது. கை அழுக்கு அங்கேதான் சேரும், ஆண்களின் தாடி உரசி நூல் அங்கேதான் தேயும். அதை விரல் விரலாகப் பார்த்தாள். குனிந்து மோந்தாள். பிறகு ஒரு பக்கத்தைத் தூக்கி ஜன்னலுக்கு நேரே பிடித்தாள். மங்கின வெளிச்சத்தில் பஞ்சுக்குள் கறுப்புக் கறுப்பாகப் பருத்தி விதைத் துணுக்குகள் தெரிந்தன. மேகத்துக்குள் பறவைகள் பறப்பதுபோல. வெர்டா வாயைத் திறந்து பார்த்துக்கொண்டு நின்றாள். மூச்சு விடக்கூடப் பயமாக இருந்தது அவளுக்கு.

"இங்க வாங்க" என்றாள் லோரீன். "தையலுக்கு அடியில பாருங்க. சாம்பல் கலர்ல ஒரு கோடு தெரியுதா? பென்சில் கோடு. எங்கெங்க தைக்கணும்னு உங்க டெல்ஃபியா முதல்ல கோடு போட்டுக்கிட்டாங்க. ஒருதடவை அலசினா போயிரும். நாலு நாள் மேல போட்டுப் புரண்டு படுத்தாலும் மங்கிரும். இது நேத்து போட்ட மாதிரி இருக்கு."

"அப்படின்னா?"

"யாரும் படுக்கல, வெர்டாம்மா. வேர்வை இல்ல, எண்ணெய்ப்பிசுக்கு இல்ல, ஒரு முடிகூட இல்ல. அடிச்சுச் சொல்வேன்."

வெர்டா கட்டில் காலைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தாள்.

"ஆனா ஒண்ணு" என்றாள் லோரீன். "சண்டைக்கு முன்னாடி தைச்சதுன்னு சொன்னீங்கள்ல. இல்ல. இந்தப் பச்சை பாருங்க, காஞ்ச புல்லு நிறத்துக்கு மாறிக்கிட்டிருக்கு. இப்படி மாறுற சாயம் சண்டை முடிஞ்சு ரொம்ப வருஷத்துக்கு அப்புறம்தான் வந்துச்சு."

அடுத்த அறையிலிருந்து டென்சில் கேட்டான். "அப்ப அந்த மாப்பிள்ளை சண்டையில சாகல?"

"இந்தப் போர்வையைத் தைக்கிறப்ப அவர் உசுரோடதான் இருந்திருக்கணும்."

"ஓடிப்போயிட்டானா!" டென்சில் சிரிக்க ஆரம்பித்தான். சிரிப்பு இருமலாகி, இருமல் நிற்காமல் போய், வெர்டா ஓடி முதுகைத் தடவினாள். கண்ணில் தண்ணீர் வழிய அவன் சொன்னான்: "நூறு வருஷமா... அந்த நாய்க்கு... நாங்க நினைவு நாள்ல பூ வச்சிருக்கோம்டி."

மதியத்துக்கு மழை வலுத்தது. லோரீன் கிளம்பிப் போய்ப் பார்த்துவிட்டுத் திரும்பி வந்தாள். ஓடை பாலத்துக்கு மேலே ஓடியது. சட்டை தொப்பலாக நனைந்திருந்தது. வெர்டா தன் உடுப்பு ஒன்றைக் கொடுத்தாள். அது அவளுக்கு இரண்டு சுற்றுப் பெரிதாக இருந்தது. அடுப்புக்குப் பக்கத்தில் மேசையை இழுத்துப்போட்டு மூன்று பேரும் சாப்பிட்டார்கள். பன்றிக்கொழுப்பில் வெந்த பீன்ஸ், இரும்புச் சட்டியில் சுட்ட சோளரொட்டி, வெண்ணெயில் வதக்கின ஆப்பிள், மோர். வெர்டா முட்டைக்கோஸ் ஊறுகாய் ஜாடியைத் திறந்து டென்சில் தட்டில் குவித்தாள்.

"என்ன இது, மாட்டுக்குத் தீனி வைக்கிற மாதிரி?"

"தின்னு. ஊறுகாய் தின்னா கனவு நல்லா வரும்."

அவன் கரண்டியைக் கீழே வைத்தான். "ஓ. அதுக்குத்தானா இவ்வளவும்."

"அந்தம்மா சொன்னதைக் கேட்டேல்ல? யாரும் படுக்கல. சாயந்திரம் நீ அதுல படு. தலைக்குத் தலகாணி அடுக்கித் தர்றேன். கொஞ்ச நேரம் போதும்."

"நான் மாட்டேன்."

"ஏன் மாட்டே?"

"எனக்கு வர்றது ஒரே கனவு. அது என்னன்னு உனக்குத் தெரியும். கூரை இறங்குது, ஆர்வில் கத்துறான். அது ஒருதடவை நடந்தாச்சு. இன்னொரு தடவை பலிக்கணுமா? ஆர்வில் மகன் இப்ப அதே சுரங்கத்துலதான் இறங்கிட்டிருக்கான். அவன் மேல விழணுமா?"

இத்தனை யோசித்த வெர்டா இதை யோசிக்கவில்லை. அடுப்பில் விறகு வெடித்தது.

"அப்ப நான் படுக்கிறேன்" என்றாள் கடைசியில்.

"நீயா? கல்யாணம் ஆன நாள்லேர்ந்து ஒரு கனவு கண்டேன்னு நீ சொல்லிக் கேட்டதில்ல. விழுந்தா மரக்கட்டை. உனக்கு வர்றது குறட்டை. அது பலிக்கணும்னு அவசியமே இல்ல, தினம் பலிக்குது."

"வரும். நானும் ஊறுகாய் தின்கிறேன்." ஜாடியைத் தன் பக்கம் இழுத்து, பிடிவாதமாக அள்ளி அள்ளி வாயில் போட்டாள். புளிப்பில் முகம் கோணியது.

லோரீன் ரொட்டியை மென்றபடி இருவரையும் மாறிமாறிப் பார்த்தாள். "என் முன்னாடியே இப்படிப் பேசுறீங்க. யாருமே படுக்காத போர்வை நான் இதுவரைக்கும் ரெண்டுதான் பார்த்திருக்கேன். அதுமேல படுக்கிறதும் ஒண்ணு, கத்திரியால வெட்டுறதும் ஒண்ணு."

"நீங்க ஆப்பிள் போட்டுக்குங்க" என்றாள் வெர்டா.

சாப்பாடு முடிந்ததும் அறைக்குள் ஒரு மந்தம் இறங்கியது. தகரக் கூரையில் மழை ஒரே சீராகக் கொட்டியது. பேச்சு தானாகவே நின்றது. ஜன்னலுக்கு வெளியே உலகம் இல்லை, வெள்ளைதான். அதிகாலையில் கிளம்பி மலைவளைவுகளில் ஓட்டி வந்த களைப்பு லோரீனுக்கு. 'அஞ்சு நிமிஷம்' என்று சோபாவில் சாய்ந்தவள் காலை மடக்கிக்கொண்டு தூங்கிப்போனாள். வெர்டா கோழிகளை அடைக்கவும் தண்ணீர் எவ்வளவு ஏறியிருக்கிறது என்று பார்க்கவும் தலையில் சாக்கைப் போட்டுக்கொண்டு போனாள்.

திரும்பி வந்து கதவைத் திறந்தவள் அப்படியே நின்றாள்.

லோரீன் கழுத்துவரை சிவப்பு ரோஜாக்கள். ஓரத்தைக் கையால் பிடித்துத் தாடையில் செருகிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தாள். டென்சில் நாற்காலியில், வெகுதூரம் ஓடிவந்தவன் மாதிரி வாயைத் திறந்து மூச்சுக்குத் திண்டாடிக்கொண்டிருந்தான்.

"என்ன காரியம் பண்ணே!" வெர்டாவின் குரல் கிசுகிசுப்பாகத்தான் வந்தது.

"நடுங்கிட்டிருந்தா. விருந்தாளி. குளிர்ல விட்டுட்டுப் பார்த்துக்கிட்டு இருக்கச் சொல்றியா?"

"வேற கெடைக்கலையா உனக்கு?"

"கைக்கு எட்டினது அதான்."

அவனுடைய கம்பளி அவன் நாற்காலிக் கையிலேயே மடித்துக் கிடந்தது. போர்வை இருந்ததோ அடுத்த அறைக் கட்டிலில். போய் எடுத்துவர அவன் சுவரைப் பிடித்துக்கொண்டு நடந்திருக்க வேண்டும். வெர்டா கம்பளியைப் பார்த்தாள், அவனைப் பார்த்தாள். அவன் அடுப்பைப் பார்த்தான்.

"எழுப்பிடுறேன்" என்று நகர்ந்தாள்.

"கனவு ஆரம்பிச்சிருந்தா? பாதியில எழுப்பினா பாதிதான் பலிக்கும். பாதிக் கனவு முழுசைவிட மோசம்."

லோரீனின் மூடிய இமைக்குள் விழிகள் அசைந்துகொண்டிருந்தன. இருவரும் அதையே பார்த்தார்கள்.

"ஆரம்பிச்சிருச்சு" என்றான் டென்சில்.

வெர்டா ஈரச் சாக்கைத் தரையில் போட்டாள். சோபாவுக்குப் பக்கத்தில் முழங்காலிட்டு, லோரீனின் காதருகே குனிந்தாள். கனவுக்குள் நுழைய ஏதாவது வழி இருந்தால் அது காது வழியாகத்தான் இருக்க வேண்டும்.

"டென்சில் கட்டில்ல படுத்திருக்கான்" என்றாள் மெதுவாக. "நல்லா மூச்சு விடுறான். டென்சில். நரைச்ச தலை. பெரிய காது. கட்டில்ல படுத்திருக்கான்."

"காதை எதுக்கு இழுக்கிறே?"

"அடையாளம் வேண்டாமா? வேற எவனையாச்சும் படுக்கவச்சுட்டா? நீ பேசாதே, உன் குரல் உள்ள போயிரும்."

மழை கொட்டியது. அவள் சொன்னதையே திரும்பத் திரும்பச் சொன்னாள். சொல்லச்சொல்ல அவளுக்கே அது கண்ணுக்குத் தெரிந்தது. கட்டில், கட்டிலில் அவன், அவன் நெஞ்சு சத்தமில்லாமல் ஏறி இறங்குவது. எவ்வளவு நேரம் அப்படி இருந்தாளோ. கூரையில் சத்தம் குறைந்தது. பிறகு சொட்டு மட்டும்.

லோரீன் கண் விழித்தாள். முதலில் வெர்டாவின் முகத்தைப் பார்த்தாள். பிறகு தன் கையில் இருந்ததைப் பார்த்தாள். பாம்பை உதறுகிற வேகத்தில் எழப்போனவள், உதறினால் தையல் விடும் என்பது அந்த நிலையிலும் நினைவுக்கு வந்து அப்படியே உறைந்தாள்.

"யார் இதை என்மேல போட்டது?"

"அதை விடுங்க. என்ன கனவு கண்டீங்க?"

"இதை யார் போட்டது, வெர்டாம்மா?"

"கனவு, கண்ணு. மறக்கிறதுக்குள்ள சொல்லுங்க."

லோரீன் கண்ணைக் கசக்கினாள். "மழை விட்டுருச்சு. தண்ணி வடிஞ்சு பாலம் தெரிஞ்சுது. கார்ல போய்க்கிட்டிருந்தேன். வீட்டுக்கு."

"கூட டென்சில் இருந்தானா? பக்கத்து சீட்டுல?"

"இல்ல."

"பின்னாடி சீட்டுல? படுத்துக்கிட்டு?"

"பின்னாடி சீட்டுல என் பெட்டி இருந்துச்சு."

"வீட்டுக்குப் போனப்புறம்? அங்க ஒரு கட்டில்..."

"வீட்டுக்குப் போகல. பாலத்தைத் தாண்டினேன், முழிச்சுட்டேன்."

வெர்டா அவள் முகத்தையே பார்த்துக்கொண்டு இருந்தாள். ஒரு பொய் சொன்னால் போதும். காது பெரிசா ஒரு ஆளைப் பார்த்தேன் என்று ஒரு வார்த்தை. லோரீனுக்கும் அது புரிந்திருக்க வேண்டும், ஏனென்றால் அவள் கண்ணைத் தாழ்த்திக்கொண்டாள். ஆனால் சொல்லவில்லை. அவள் பிழைப்பே அப்படி.

போர்வையை இருவருமாக மடித்தார்கள். பழைய மடிப்பு விழுந்த இடத்தில் மடிக்க வேண்டாம், நூல் அங்கே களைத்திருக்கும் என்றாள் லோரீன். மரம் படாமல் வெள்ளைத் துணியில் சுற்றி வைக்கச் சொன்னாள். "இனிமே இது யாரும் படுக்காததுன்னு நான் சொல்ல மாட்டேன். யார் கேட்டாலும். மன்னிச்சுக்குங்க." தன் ஈரச் சட்டையை மாட்டிக்கொண்டு, மோதிரத்தைத் தேடிப் போட்டுக்கொண்டு கிளம்பினாள்.

வெர்டா வாசலில் நின்றாள். மேகம் மலைமேல் ஏறிக்கொண்டிருந்தது. ஓடை வடிந்து, பாலத்தின் சிமெண்டு ஈரமாக மினுங்கியது. பழைய பச்சைக் கார் மெதுவாக இறங்கி, பாலத்தைத் தாண்டி, எதிர்ப்பக்கம் ஏறி மறைந்தது. தலைமுறை தலைமுறையாகக் கட்டிக்காத்த கனவு. பலித்தும்விட்டது. அவளுக்கு அழுகை வரும் என்று பார்த்தாள். வாயெல்லாம் முட்டைக்கோஸ் புளிப்புதான் இருந்தது.

உள்ளே வந்தாள்.

"போயிட்டாளா?" என்றான் டென்சில்.

"போயிட்டா."

"பாலம்?"

"வடிஞ்சிருச்சு. நல்லபடியாத் தாண்டிட்டா."

"அப்ப முடிஞ்சுது."

"முடிஞ்சுது. உனக்குத் திருப்திதானே?"

அவன் கொஞ்ச நேரம் மூச்சைச் சேர்த்துக்கொண்டான். பிறகு இரண்டு கையையும் ஊன்றி நாற்காலியிலிருந்து எழுந்தான்.

"எங்க போறே?"

"தலகாணி அடுக்கித் தர்றேன்னு சொன்னியே, அடுக்கு. இருக்கிறதெல்லாம் போடு. உசரமா."

"இப்பவா?"

"அது இனிமே வெறும் போர்வைதானேடி. நான் என்ன கனவு கண்டா யாருக்கு என்ன?"

வெர்டா வீட்டில் இருந்த தலையணை எல்லாவற்றையும் பொறுக்கினாள். சோபா மெத்தையையும் உருவிக்கொண்டு வந்தாள். கட்டில் தலைமாட்டில் சரிவாக அடுக்கி, அவனைத் தோளில் தாங்கி அழைத்துப்போய்ச் சாய்த்தாள். தட்டையாக இல்லை, பாதி உட்கார்ந்த மாதிரிதான். அவன் இருமினான். மேலே தூக்கிவிடச் சொன்னான், இடதுபக்கம் சரிக்கச் சொன்னான், திட்டினான். மூச்சு ஒரு பாதையைப் பிடிக்கிறவரை அவள் தோளைத் தாங்கியபடி நின்றாள். பிறகு போர்வையைத் துணியிலிருந்து பிரித்து அவன் மேல் விரித்தாள். லேசாகத்தான் இருந்தது. அவன் நெஞ்சில் கனம் தெரியவில்லை போல.

ஜன்னலில் இன்னும் பகல் இருந்தது. அவன் தூங்கிவிட்டான். கொஞ்ச நேரத்தில் உதடு அசைந்தது. "ஆர்வில்" என்றான். "நகருடா. இந்தப் பக்கம் நகரு."

வேறு நாளாக இருந்தால் உலுக்கியிருப்பாள். இன்று விட்டுவிட்டாள். செருப்பைக் கழற்றிவிட்டு மறுபக்கமாக ஏறி, ஒரு முனையைத் தன் பக்கம் இழுத்துக்கொண்டு, அவன் தம்பியோடு பேசி முடிக்கட்டும் என்று படுத்திருந்தாள்.